டெப் பேக்கேஜ்: சூடோ போட்டால் ஓடுது, போடாவிட்டால் ‘பெர்மிஷன் டினைடு’

கேள்வி: கல்லல்_தம்பி
ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள். பைத்தான், உபுண்டு 22.04. டெப் (உபுண்டு இன்ஸ்டால் ஃபைல்) கட்டும் கருவியான டிபிகேஜி-டெப் வைத்துக் கையால் கட்டிய பேக்கேஜ். கட்டும்போதே கன்ட்ரோல் டைரக்டரி (பேக்கேஜ் விவரம் உள்ள ஃபோல்டர்) பெர்மிஷன் 700 (ஓனருக்கு மட்டும் அனுமதி) சரியில்லை என்றது. 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டேன், அதையும் ஏற்கவில்லை. 755 (ஓனர் எழுதலாம், மற்றவர் படிக்கவும் நுழையவும் மட்டும்) போட்டதும் அடங்கியது. இப்போது மூன்று தொல்லை. ஏபிடி (இன்ஸ்டால் கருவி) வைத்து இன்ஸ்டால் செய்யும்போது ‘_ஏபிடி’ என்ற அதன் தனி யூசரால் ஃபைலைத் தொட முடியவில்லை என்கிறது. சூடோ (அட்மின் யூசரான ரூட்டாக ஓட்டும் கட்டளை) இல்லாமல் சாதாரண யூசராக ஓட்டினால் ஈடிசி என்ற அமைப்பு ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக்கைப் படிக்க முடியவில்லை. எழுத முடியாத ஃபோல்டருக்கான டெஸ்ட், லேப்டாப்பில் பாஸ், டாக்கரில் (தனிப் பெட்டி போன்ற ஓட்டச் சூழல்) ஃபெயில். எல்லாத்துக்கும் 777 போட்டுவிடலாமா அண்ணே?

பதில் 1: வளவு_டக்ஸ்
777 வேண்டவே வேண்டாம் தம்பி. ஏபிடி சொல்வது எச்சரிக்கைதான், இன்ஸ்டால் ஆகியிருக்கும். உபுண்டு 21.04-லிருந்து புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750, ஓனரும் அவர் குரூப்பும் தவிர யாரும் நுழைய முடியாது. டெப் ஃபைல் 644-ஆகவே (எல்லோரும் படிக்கலாம்) இருந்தாலும் ‘_ஏபிடி’ உள்ளே நுழைய முடியாது. நம்மூர் வீட்டில் முகப்புக் கதவு பூட்டியிருந்தால் வளவு அறை திறந்திருந்து என்ன செய்ய? ‘நேம்ஐ -எல்’ போட்டு முழுப் பாதையைக் கொடுங்கள், எந்தக் கதவில் எக்ஸ் (நுழையும் அனுமதி) இல்லை என்று வரிசையாகக் காட்டிவிடும். டெப்பை டிஎம்பிக்கு (எல்லோருக்கும் பொதுவான தற்காலிக ஃபோல்டர்) நகலெடுத்து, 644 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கிருந்து போடுங்கள்.

பதில் 2: கானாடுகாத்தான்காரி
அந்த 700-தான் துப்பு. உங்கள் லேப்டாப்பில் யுமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதியைக் கழிப்பது என்ற அமைப்பு) 077. ‘யுமாஸ்க்’ என்று அடித்துப் பாருங்கள். கிட் (கோடு சேமிக்கும் கருவி) எக்ஸிக்யூட் பிட்டை (ஓட்டும் அனுமதி) தவிர வேறு பெர்மிஷனைச் சேமிக்காது. அதிலிருந்து குளோன் செய்த (நகலெடுத்த) ஃபைல் 600, ஃபோல்டர் 700 என்று வந்திருக்கும். நீங்கள் கன்ட்ரோல் ஃபோல்டரை மட்டும் சரிசெய்தீர்கள், மிச்சம் அப்படியே உள்ளே போய்விட்டது. ‘டிபிகேஜி-டெப் -சி’ போட்டால் தெரியும்: ஓனருக்கு மட்டும் எழுத்து, மற்றதெல்லாம் கோடு.

கட்டுவதற்கு முன் ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644, ‘பின்’ என்ற புரோகிராம் ஃபோல்டரில் உள்ளவற்றுக்கும், இன்ஸ்டால் முடிவில் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டுக்கும் 755. கான்ஃபிக்கில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்தால் அதற்கு மட்டும் 640 (ஓனரும் குரூப்பும் மட்டும் படிக்கலாம்), தனி குரூப். கட்டும்போது ‘--ரூட்-ஓனர்-குரூப்’ சேருங்கள், இல்லையென்றால் உங்கள் யூசர் நம்பர் 1000 ஓனராக இன்ஸ்டால் ஆகும். டிஹெச் என்ற பேக்கேஜ் கட்டும் கருவிகளில் கட்டினால் டிஹெச்_ஃபிக்ஸ்பெர்ம்ஸ் இதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பலர் மாட்டுவது இதற்குப் பிறகுதான். புதிய பேக்கேஜை மேலேயே போட்டால் பழைய 700 ஃபோல்டர் மாறாது. ஏற்கெனவே உள்ள ஃபோல்டரின் பெர்மிஷனை டிபிகேஜி தொடுவதில்லை. கான்ஃபைல்ஸ் (பேக்கேஜின் கான்ஃபிக் ஃபைல்கள்) பட்டியலில் உள்ள ஃபைலுக்கும் பழைய பெர்மிஷனே நிற்கும். ரிமூவ் போதாது, பர்ஜ் (கான்ஃபிக்கையும் சேர்த்து நீக்குவது) செய்யுங்கள். ஈடிசியில் அந்த ஃபோல்டர் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பதில் 3: வளவு_டக்ஸ்
டாக்கர் விஷயம் விட்டுப்போச்சு. அங்கே ஓடுவது ரூட். ரூட்டுக்கு 555 (யாருக்கும் எழுத்து அனுமதி தராத) ஃபோல்டரிலும் எழுத முடியும், அதனால் டெஸ்ட் எதிர்பார்க்கும் பிழை வராது. ‘--யூசர் 1000:1000’ கொடுத்து ஓட்டுங்கள். டாக்கர் இமேஜில் அந்த யூசர் இல்லையென்றால் ஹோம் வெறும் ‘/’ ஆகிவிடும், கேஷ் எழுதப் போய் வேறொரு டினைடு கிளம்பும். ஹோமை டிஎம்பி என்று வையுங்கள். லேப்டாப்பில் எப்போதாவது சூடோவோடு டெஸ்ட் ஓட்டியிருந்தால் டெஸ்ட் கருவியான பைடெஸ்டின் கேஷ் ஃபோல்டர் ரூட் பெயரில் கிடக்கும். சிஎச்ஓன் போட்டு ஓனரை மாற்றுங்கள், அல்லது அழித்துவிடுங்கள்.

கல்லல்_தம்பி
யுமாஸ்க் 0077 தான். பர்ஜ் செய்தும் ஈடிசி ஃபோல்டர் போகவில்லை ஆச்சி. உள்ளே மென்பொருள் எழுதிய லாக் ஒன்று கிடந்தது. அதை அழித்துப் புதிதாகப் போட்டதும் சூடோ இல்லாமலே ஓடுகிறது.

கானாடுகாத்தான்காரி
லாக் ஈடிசியில் என்ன செய்கிறது? அதை வார்/லாக்குக்கு மாற்றுங்கள்.