புதுப்பிப்பு: 8×8 எல்இடி மேட்ரிக்ஸில் நிழல் வெளிச்சம் போயிடுச்சு

போன பதிவுல கேட்டிருந்தேன்: ஒரு வரிசையில எரிய வேண்டிய எழுத்து பக்கத்து வரிசையிலும் மங்கலா தெரியுதுன்னு. (இந்த மேட்ரிக்ஸ்ல ஒரு நேரத்துல ஒரு வரிசைதான் எரியும், வேகமா மாத்திட்டே போறதால முழுசா எரியுற மாதிரி தெரியும்.) பவர் சப்ளைதான் காரணம்னு பலர் சொன்னீங்க, அது இல்ல.

வரிசைகளை ஓட்டுற பிஎன்பி டிரான்சிஸ்டர் (ஸ்விட்ச் மாதிரி) சாச்சுரேஷன்ல, அதாவது முழுசா ஆன் ஆன நிலையில இருந்து வெளிய வர சில மைக்ரோ செகண்ட் எடுத்துக்குது. அதுக்குள்ள அடுத்த வரிசையோட டேட்டா லாட்ச் ஆகிடுது, அதாவது சிப்போட அவுட்புட்டுக்கு வந்துடுது. பழைய வரிசை இன்னும் உயிரோட இருக்க, புது டேட்டா அதுலயே ஒரு கணம் எரியும். தீர்வு இதுதான்: சிப்போட அவுட்புட் எனேபிள் பின்னை (அவுட்புட்டை ஆன்/ஆஃப் பண்ற பின்) ஹை ஆக்கி டிஸ்ப்ளேயை அணை, வரிசையை ஆஃப் பண்ணு, 20 மைக்ரோ செகண்ட் விடு, லாட்ச் பண்ணு, அடுத்த வரிசையை ஆன் பண்ணிட்டு பின்னை லோ ஆக்கு. வரிசைக்கு 1 மில்லி செகண்ட், எட்டு வரிசைக்கு 8, அதாவது சுமார் 125 ஹெர்ட்ஸ். 20 மைக்ரோ செகண்ட் போனா வெளிச்சம் 2% குறையும், கண்ணுக்கே தெரியாது.

இன்னொண்ணு: நெடுவரிசைகளை (column) நேரடியா 74ஹெச்சி595 ஷிப்ட் ரெஜிஸ்டர் சிப் ஓட்டிட்டு இருந்துச்சு. ஒரு வரிசையில எட்டு எல்இடியும் 15 மில்லி ஆம்ப்ல எரிஞ்சா 120 ஆகுது, அந்த சிப்புக்கு மொத்த வரம்பே 70தான். இப்போ அதே வேலை செய்யுற, அதிக கரண்ட் தாங்குற டிபிஐசி6பி595 போட்டாச்சு, ஒவ்வொரு அவுட்புட்டும் 150 வரை தாங்கும். ஆனா 20 பின், பழைய சாக்கெட்ல உக்காராது. சிவப்பு எல்இடி, 5 வோல்ட், 180 ஓம் ரெசிஸ்டர்.

மேக்ஸ்7219 (இதையெல்லாம் தானே செய்யுற ரெடிமேட் டிரைவர் சிப்) வாங்கிடுன்னு சொன்னவங்களுக்கு: வேலை முடியணும்னா அதான் சரி. எனக்கு உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும். அடுத்து பிரைட்னஸ் கன்ட்ரோல், அதே எனேபிள் பின்ல பிடபிள்யூஎம் (வேகமா ஆன்/ஆஃப் பண்ணி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது).