எத்தையம்மன் பண்டிகையும் நான் டைப் அடித்த மெமோக்களும்

கோத்தகிரியிலிருந்து:

இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்த்தபோது நடந்தது. மனிதவளம் என்றால் சட்டப்படி நடப்பதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தமிழ்நாட்டில் 1958-ஆம் வருடச் சட்டப்படி தொழிற்சாலைகள் வருடத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாறாது. மீதி 5 பண்டிகை நாட்கள், தொழிலாளர்களையும் கலந்து முடிவு செய்யவேண்டியவை. எந்த ஐந்து என்பதில் ஒரு கம்பெனியின் குணமே தெரிந்துவிடும்.

எங்கள் பழைய மேனேஜர் டிசம்பர் பிறந்ததும் டீமேக்கர் முதல் சலிப்பறைப் பெண்கள் வரை கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார். பாதிப்பேர் நீலகிரியின் படுகர் சமூகத்தினர், அதனால் அவர்கள் குலதெய்வமான எத்தையம்மனின் பண்டிகை பட்டியலில் எப்போதும் இருக்கும். அப்புறம் நிர்வாகம் கைமாறியது. பட்டியல் கோவை ஹெட் ஆபீஸிலிருந்து மெயிலில் வந்தது. அங்குள்ள மில்லுக்கும் எங்களுக்கும் ஒரே பட்டியல். எத்தை இல்லை.

எத்தை பண்டிகையன்று 23 பேர் வேலைக்கு வரவில்லை. வெள்ளை உடுத்தி, எத்தையம்மன் கோயில் இருக்கும் பேரகணிக்குப் போய்விட்டார்கள். எல்லோருக்கும் மெமோ கொடுக்கச் சொன்னார்கள், நான்தான் டைப் அடித்தேன். கொழுந்து வாட்டும் தொட்டியில் 18 வருடம் நின்ற ஒரு அண்ணன், சொல்லாமல் ஒருநாள்கூட லீவு போடாதவர், மெமோவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி கேட்டார்: "எத்தை என்னைக்குன்னு உனக்குமா தெரியாது தம்பி?"

அது உறைபனிக் காலம் வேறு. இலை வரத்தே குறைவு, ட்ரையர் அரைநாள்தான் ஓடும். லீவு விட்டிருந்தால் நஷ்டமே இல்லை. மலையில் இருப்பவனுக்கு இது தெரியும், மெயில் அனுப்பியவருக்குத் தெரியாது. மே, ஜூனில் கொழுந்து குவியும்போது இதே ஆட்கள்தான் நேரம் பார்க்காமல் நிற்பார்கள். அந்த வருடம் ஷிப்ட் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வருடம் எத்தை பட்டியலில் திரும்ப வந்தது.

கூடலூரிலிருந்து:

எங்கள் பக்கம், இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அதிகம். மாரியம்மன் திருவிழா வாரத்தில் எங்கள் மேனேஜர் ஷிப்டை விடியற்காலை நான்கு மணிக்கு மாற்றிவிடுவார், மத்தியானத்தோடு முடிந்துவிடும். யாரும் லீவே கேட்டதில்லை. சரி, அந்த 23 மெமோக்களை என்ன செய்தார்கள்?

கோத்தகிரியிலிருந்து:

ஃபைலிலிருந்து எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதினேன். நான் விலகும்வரை பதில் வரவில்லை. அந்த அண்ணன் போன வருடம் ரிட்டயர் ஆனார். அவர் ஃபைலில் இருப்பது அந்த ஒரு மெமோதான்.