கலைச்சொல்: வனையொளியா, கட்டமைப்பு ஒளியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே,
முதுகலை இயற்பியல் ஆய்வகக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'ஸ்ட்ரக்சர்டு லைட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் பாக்கி. செறிவு, கட்டம் (ஃபேஸ்), முனைவாக்கம் (போலரைசேஷன்) மூன்றையும் கற்றையின் குறுக்கே இடத்துக்கு இடம் வேண்டியபடி மாற்றிய ஒளி. 'கட்டமைப்பு ஒளி' போதுமா?
— ம.

> கட்டமைப்பு ஒளி

முப்பரிமாண ஸ்கேனர் வரிவரியாகப் பாய்ச்சும் ஒளிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். பக்கத்துக்குப் பக்கம் 'கட்டம்' வேறு வருகிறது. 'கட்டம் அமைப்பு' என்றே பிரித்துப் படிப்பார்கள். 'வனையொளி' வையுங்கள். வினைத்தொகை, வனைந்த, வனைகின்ற, வனையும் மூன்றும் அடங்கும்.
— செ.

ஐயா, கட்டமும் அமைப்பும் புணர்ந்தால் 'கட்டமமைப்பு'. அந்தக் குழப்பம் வராது. 'வனை' என்றால் பானைதான் நினைவுக்கு வரும். 'வடிவமைத்த ஒளி' எல்லாருக்கும் புரியும்.
— இ.

புரியும், ஆனால் 'வடிவமைத்த ஒளியியல்' என்று நீட்டினால் துறையையே யாரோ வடிவமைத்ததாகிவிடும். வனைதலுக்கு அலங்கரித்தல், ஓவியம் எழுதுதல் என்றும் பொருள் உண்டு.
— செ.

அடுத்தது ஒளிச்சுழி ('ஆப்டிகல் வோர்டெக்ஸ்'), நடுவில் இருண்டு, அதைச் சுற்றிக் கட்டம் சுழலும் கற்றை. சுழி, சுழல், சுற்று, சூழ் எல்லாம் ஓரினம். சுழிக்குப் பூச்சியம் என்றும் பொருள். நடுவில் செறிவும் பூச்சியம். இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. சுற்றெண் (நடுவைச் சுற்றிவந்தால் கட்டம் 2π-இன் எத்தனை மடங்கு மாறும் என்பது) 2 என்றால் 'இரட்டைச்சுழி'.
— வ.

இரட்டைச்சுழி தவறு. சுற்றெண் 2 கற்றையின் நடுவே இருப்பது ஒரே இருள்புள்ளி. அதைச் சுற்றிவந்தால் கட்டம் 4π மாறும். லென்ஸ் சற்றே சாய்ந்தாலும், சிதறல் ஒளி கலந்தாலும்தான் அது சுற்றெண் 1 உள்ள இரண்டாக உடையும். அந்த நிலைக்கு அந்தச் சொல்லை ஒதுக்குங்கள்.

'ஆர்பிட்டல் ஆங்குலர் மொமெண்டம்' என்பதற்குக் கையேட்டில் உள்ள 'சுற்றுப்பாதைக் கோண உந்தம்' எனக்கு உடன்பாடில்லை. ஃபோட்டான் எதையும் சுற்றிவரவில்லை. அலைமுகம் சுருளாக முறுக்கியிருக்கிறது. ஒரு ஃபோட்டானுக்கு இந்த உந்தம் சுற்றெண் மடங்கு சுருக்கிய பிளாங்க் மாறிலி (ħ) என்று 1992-இல் லைடனில் ஆலனும் உடனிருந்தோரும் காட்டியது இதைத்தான். 'சுருள் உந்தம்' போதும்.
— க.

வட்ட முனைவாக்கத்தில் மின்புலமும் சுருளாகத்தான் போகிறது. அது தற்சுழற்சி ('ஸ்பின்') உந்தம். இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? 2001-இல் வியன்னாவில் சைலிங்கர் குழு ஃபோட்டான்களின் குவாண்டம் பின்னல் ('என்டாங்கிள்மென்ட்') காட்டியது சுற்றுப்பாதை வகை உந்தத்தில். அங்கே சொல் மயங்கினால் பாடமே மயங்கும்.
— இ.

சரி, பழைய சொல்லே இருக்கட்டும். செய்முறையில் இரண்டு திருத்தம். ஒளிச்சுழியை உண்டாக்கும் சுருள்தகட்டின் (சுருள்படிபோல் தடிமன் ஏறும் கண்ணாடித் தகடு) படி உயரம், சுற்றெண் 1-க்கு, அலைநீளத்தை (ஒளிவிலகல் எண் − 1)-ஆல் வகுத்தது. உருகிய சிலிக்காவில் 633 நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1.38 மைக்ரோமீட்டர், கையேட்டில் அலைநீளத்தையே எழுதியிருக்கிறது. கட்டத்தை மாற்றும் திரவப்படிகத் திரைக்கு முன் அரையலைத் தகட்டால் முனைவாக்கத்தைப் படிக அச்சுக்குத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பாவிட்டால் மாறாத ஒளி நடுவில் கலந்து இருளை நிரப்பிவிடும்.
— க.

தொகுப்பு: வனையொளி (நால்வர் ஆதரவு, இ. மறுப்பு), ஒளிச்சுழி, சுற்றெண், சுற்றுப்பாதைக் கோண உந்தம், கவைக் கீற்றணி ('ஃபோர்க் கிரேட்டிங்', நடுவில் கவைபோல் பிரியும் கோடுகள் கொண்டது). அனுப்பிவிடுகிறேன்.
— ம.

ஒரு நிமிடம். கையேட்டில் 'சுழி வரிசை' என்று பூச்சிய வரிசை விளிம்பு விளைவுக்கு வைத்திருக்கிறீர்கள். கவைக் கீற்றணியில் சுழி வரிசையில் சுழி இராது, முதல் வரிசையில்தான் இருக்கும். வ. அவர்களின் பொருத்தத்தை மாணவருக்கு யார் விளக்குவது?
— இ.