டிரஸ்டியாக இருந்துகொண்டே மொழிபெயர்க்கவும் போகலாமா?

தேவிகுளம் டீச்சர்:
மூணாறு மலையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு 31 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணை நிற்கிற ஒரு சின்னப் பெண்கள் அமைப்பில் போன வருடம் டிரஸ்டியாகச் சேர்ந்தேன். ஏழு டிரஸ்டிகளில் தமிழ் தாய்மொழியாக உள்ளவள் நான் ஒருத்திதான். ஆனால் எங்களைத் தேடி வருகிறவர்களில் பாதிக்கு மேல் எஸ்டேட் லயத்துப் பெண்கள் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). அவர்கள் தமிழில் சொல்வதை ஸ்டேஷனில் மலையாளத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

ஒரு பிள்ளையின் வாக்குமூல நகலை மீட்டிங்கில் காட்டினார்கள். 'தொந்தரவு பண்ணினான்' என்று அவள் சொன்னது 'சல்யம் செய்து' என்று எழுதப்பட்டிருந்தது. லயத்தில் ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடிய கடைசி வார்த்தை தொந்தரவு. என்ன நடந்திருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் வைப்பார்கள். சல்யம் என்றால் ஈ வந்து மொய்ப்பதுகூட சல்யம்தான். 'பீடிப்பிச்சு', அதாவது பாலியல் கொடுமை செய்தான் என்று வந்திருக்க வேண்டிய இடம் அது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது வந்திருக்கிற ஒரு வழக்கில் என்னையே மொழிபெயர்க்க வரச் சொல்கிறார் ஒருங்கிணைப்பாளர். பிள்ளைக்கு 18 நிறையவில்லை. குடும்பம் எனக்குத் தெரிந்த குடும்பம். போகலாமா? நான் போகாவிட்டால் வேறு யார் போவார்கள்?

(திருத்தம்: கீழே சொன்னதைப் பார்த்து, குடும்பம் பற்றிய ஒரு வரியை நீக்கிவிட்டேன்.)

கட்டப்பனை வக்கீல்:
டீச்சர், முதலில் குடும்பம் எப்படிப் பழக்கம் என்று எழுதியிருக்கிற வரியை எடுத்துவிடுங்கள். இந்த மலையில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். இன்னும் ஒரு வரி சேர்ந்தால் நானே யாரென்று கண்டுபிடித்துவிடுவேன்.

மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அந்தப் பிள்ளையின் உரிமை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19(4) அதைச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் 2020 விதிகளின்படி மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் வைத்திருக்க வேண்டும், கூலியும் அரசுப் பணத்திலிருந்துதான். பெரிய பட்டமெல்லாம் வேண்டாம். தாய்மொழியாகவோ, செய்த வேலையாலோ, அந்த மொழி பேசும் இடத்தில் குடியிருந்ததாலோ அந்த மொழியும் மாநில மொழியும் பழகியிருந்தால் போதும். ஆனால் அதே விதி, மொழிபெயர்ப்பவர் பாரபட்சம் இல்லாதவராக இருக்க வேண்டும், வேறு தொடர்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. குடும்பமும் தெரியும், உதவுகிற அமைப்பின் டிரஸ்டியும் நீங்கள்தான். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'பீடிப்பிச்சு' என்று எழுதியிருந்தாலும் தப்புத்தான். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 26. மொழிபெயர்ப்பவர் சொல்லின் கனத்தைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. 'தொந்தரவு' என்பதை அப்படியே எழுதச் சொல்லி, "அப்படின்னா என்னம்மா?" என்று அதிகாரி அவளிடமே கேட்கும்படி செய்ய வேண்டும்.

சித்தூர்க்காரி:
பாலக்காட்டுப் பக்கம் இதே மாதிரி ஓர் அமைப்பில் ஆறு வருடம் டிரஸ்டியாக இருந்தேன். வாக்குமூல நகல் மீட்டிங் மேசைக்கு வந்தது என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. டிரஸ்டிக்கு வேண்டியது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள், கவுன்சிலர் ஒருத்தி எத்தனை பேரைச் சுமக்கிறாள் என்ற கணக்குத்தான். பெயரும் வேண்டாம், எஸ்டேட்டும் வேண்டாம். எங்களுக்கு நிதி தந்தவர்கள் ஒரு முறை போட்டோவோடு 'கதை' ஒன்று கேட்டார்கள். தர மாட்டோம் என்று கவுன்சிலரைச் சொல்லவிடாமல் நாங்களே சொன்னோம். டிரஸ்டி என்று ஒருத்தர் இருப்பது அந்த மாதிரி நேரத்துக்குத்தான். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 72ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை.

உங்கள் மாவட்டத்திலேயே ஒரு பெண்ணுக்கு நடந்த பாலியல் வன்முறை பற்றிய 1996 வழக்கு ஒன்று உண்டு. 2005இல் உயர் நீதிமன்றம் கிட்டத்தட்ட எல்லாரையும் விடுதலை செய்தது, 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2014இல்தான் பெரும்பாலோரின் தண்டனை உறுதியானது. அந்தப் பெண்ணை இன்றைக்கும் ஊர்ப் பெயரால்தான் சொல்கிறார்கள். நான் அந்த ஊர்ப் பெயரை எழுத மாட்டேன்.

பெயர் வேண்டாம்:
நான் உதவி கேட்டுப் போனவள். வழக்கு முடிந்து இரண்டு வருடம் கழித்து, எனக்கு உதவிய அமைப்பின் கமிட்டியில் இருந்த அம்மாவைத் தேர்த் திருவிழாவில் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கியா கண்ணு?" என்றார். பாசமாகத்தான் கேட்டார். ஆனால் இவருக்கு என்னவெல்லாம் தெரியும், எதுவரை படித்திருப்பார் என்று நினைத்ததும் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. அடுத்த வருடம் தேர் பார்க்கப் போகவில்லை. டீச்சர், நீங்கள் நல்லவர் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. உங்களைச் சந்தையில் பார்த்தால் அந்தப் பிள்ளை நிம்மதியாகச் சிரிக்க வேண்டும்.

தேவிகுளம் டீச்சர்:
கடைசிப் பதிலை மூன்று தடவை படித்தேன். நன்றி அம்மா.

இந்த வழக்குக்கு நான் போகவில்லை. வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கும்படி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். வழக்குக் காகிதம் எதுவும் இனி டிரஸ்டிகள் முன் வரக் கூடாது என்று அடுத்த மீட்டிங்கில் தீர்மானம் கொண்டுவருகிறேன். அது நிறைவேறியதும் டிரஸ்டி பொறுப்பிலிருந்து விலகிவிடுவேன். எனக்குப் பதில் டிரஸ்டியாக இன்னொருத்தர் கிடைப்பார். இரண்டு மொழியும் தெரிந்து, லயத்துப் பேச்சும் புரிகிறவர் இந்த மலையில் சுலபமாகக் கிடைக்க மாட்டார். அதனால் அந்தப் பட்டியலில் என் பெயரைக் கொடுக்கப் போகிறேன், தெரியாத குடும்பங்களுக்காக. வக்கீலம்மா, விண்ணப்பத்தோடு பணிச் சான்றிதழ் மட்டும் வைத்தால் போதுமா?

கட்டப்பனை வக்கீல்:
அதையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள் டீச்சர். எந்தக் குடும்பம் தெரிந்ததோ அதற்கு வர மாட்டேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.