ஸ்கேன் செய்த பிறகும் அம்மாவின் கடிதங்களை வைத்திருக்க வேண்டுமா?

கேள்வி:
நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அம்மா எழுதிய 43 கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. வீடு மாறப்போவதால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியிலும் இணையச் சேமிப்பிலும் போட்டுவிட்டேன். எழுத்து தெளிவாகவே தெரிகிறது. இனியும் அந்தத் தாள்களைச் சுமந்துகொண்டு போவதில் பயன் உண்டா, அல்லது பாசத்தால்தான் விட மனமில்லாமல் இருக்கிறேனா?

மறுமொழி 1:
வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கைப்பேசியில் எழுதி அழித்தது தடமின்றிப் போய்விடும். கடிதத்திலோ அடித்தல் திருத்தல், பேனா மாறிய இடம், தாள் தீர்ந்துபோய் ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி வரி என எல்லாம் அப்படியே கிடக்கும். ஓவியர் வின்சென்ட் வான் கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களை, தியோ 1891இல் இறந்த பிறகு அவர் மனைவி யோ பாதுகாத்து 1914இல் அச்சிட்டார். அச்சேறியதோடு மூலத்தின் வேலை முடிந்துவிடவில்லை. வான் கோ பெரும்பாலும் தேதி போடாததால், கடிதங்களை வரிசைப்படுத்த ஆய்வாளர்கள் பின்னாளில் தாளின் வகையையும் மையையும்கூடப் பார்க்க வேண்டியிருந்தது.

மறுமொழி 2:
நம் வீட்டுக் கடிதங்களை எந்த ஆய்வாளரும் வரிசைப்படுத்தப் போவதில்லை. என் அப்பாவின் கடிதங்களில் பாதி, பணம் அனுப்பிய செய்தியும் உடம்பைப் பார்த்துக்கொள் என்பதும்தான். ஐந்தாறை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டேன், இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் இணையச் சேமிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடுவோம் என்று கூகுள் 2023இல் அறிவித்ததை மறந்துவிட வேண்டாம்.

மறுமொழி 3:
வைத்துக்கொள்வதானால், லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பும் வேண்டாம், அதன் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கும். துருப்பிடிக்கும் குண்டூசிகளை எடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்து, அமிலமற்ற தாளுறைக்குள் வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் போதும். 43 கடிதங்களும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். அது சரி, ஸ்கேன் வண்ணத்தில்தானே எடுத்தீர்கள்?

கேள்வி கேட்டவர்:
இல்லை, கறுப்பு வெள்ளையில்தான் எடுத்திருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு நேற்றிரவு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நான் விடுதிக்குப் போன முதல் மாதத்துக் கடிதத்தில், ஸ்கேனில் வெறும் கரும்பட்டையாகத் தெரிந்த இடத்தில், நீல மையால் எழுதிய ஒரு வரியைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ‘முடியவில்லை என்றால் வந்துவிடு’ என்று படிக்க முடிந்தது. அதற்கு மேலே ‘நன்றாகப் படி’ என்று சிறியதாக எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் வண்ணத்தில் மீண்டும் ஸ்கேன் செய்யத் தொடங்கியிருக்கிறேன். தாளுறைக்குள் போட்டபின் அதே தகரப் பெட்டியில் வைக்கலாமா, அட்டைப் பெட்டிக்கு மாற்ற வேண்டுமா?