மீன் பெட்டிக்கு க்யூஆர் கோடு: நம்ம கரைக்கு ஒத்து வருமா?

கீழக்கரை_ரிஸ்வான்:
ஏலத்துக்கு வர்ற ஒவ்வொரு மீன் பெட்டியிலயும், எந்த போட், என்னைக்குப் பிடிச்சதுன்னு போன்ல ஸ்கேன் பண்ணா தெரியுற க்யூஆர் கோடு ஒட்டணும்னு நேத்து சொன்னதுக்கு பாதி பேர் சண்டைக்கு வந்துட்டீங்க. ஐரோப்பாவுக்குப் போற மீனுக்கு 2010ல இருந்தே எந்த போட், எந்தக் கடல்னு கேட்ச் சர்டிபிகேட் இல்லாம நடக்காது. மண்டபத்துல இருந்து வெளிநாடு போற நண்டு டப்பாவுல பேட்ச் நம்பர் இருக்கு, மதுரையில மீன் வாங்குறவங்களுக்கு மட்டும் "இப்பதான் வந்துச்சுக்கா"ங்குற வாய் வார்த்தை போதுமா?

பாம்பன்_வல்லம்:
பாய், ஒட்டுறது யாரு? ராவெல்லாம் வலை இழுத்துட்டு கரை சேர்றோம், கையெல்லாம் செதிலு, ஈர விரலுக்கு போன் டச்சே எடுக்காது. நாங்க அன்னன்னைக்குப் பிடிச்சத அன்னன்னைக்கே இறக்குறோம், மீன் கெடுறது அதுக்கப்புறம் ஐஸ கொறச்சுப் போட்டு லாரில ஏத்துறாங்க பாருங்க, அங்கதான். அவங்கள கேக்காம எங்க தலையில செலவா?

தொண்டி_ஃபுட்டெக்:
அண்ணே சொல்றது நியாயம், ஆனா அதுக்குத்தான் டெக்னாலஜியே வேணும். சூரை, கானாங்கெளுத்தி எல்லாம் சூட்டுல கெடந்தா ஹிஸ்டமின்ங்குற நச்சு உருவாகும், செவுளத் தூக்கிப் பாத்தா தெரியாது, கொதிக்க வச்சாலும் போகாது, சாப்பிட்டவங்களுக்கு மூஞ்சி சிவந்து தலைவலி, வாந்தி வரும். பெட்டிக்குள்ள ஒரு டெம்பரேச்சர் லாகர் போட்டா வழியில எத்தனை மணி நேரம் 4 டிகிரிக்கு மேல போச்சுன்னு அதுவே பதிஞ்சு வச்சிரும். லாரிக்காரரால மறைக்க முடியாது.

பாம்பன்_வல்லம்:
லாகர்னா சரி தம்பி, அது தானா பதியுது. க்யூஆர்ல மனுசன் டைப் பண்றதுதான வரும்? மூணு நாள் மீன இன்னைக்குன்னு போட்டா ஒரு தடவ பதிஞ்சா மாத்த முடியாதுன்னு சொல்ற பிளாக்செயின்ல வச்சாலும் அது அழியாத பொய்யாத்தான் இருக்கும். அதுக்கு கொச்சி சிஃப்ட்காரங்க (மத்திய அரசோட மீன்வள டெக்னாலஜி ஆராய்ச்சி நிறுவனம்) 2018ல கொண்டு வந்த, மீன் கெடாம இருக்க கலக்குற ஃபார்மலின் கெமிக்கல கண்டுபிடிக்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப்ப மார்க்கெட்டுக்கு மார்க்கெட் குடுக்கலாம், கலர் மாறினா மாட்டினான்.

கீழக்கரை_ரிஸ்வான்:
ஸ்ட்ரிப் கலந்திருக்குன்னு சொல்லும், கலந்தது யாருன்னு சொல்லாதுண்ணே. அதே 2018ல கேரளா செக்போஸ்ட்ல ஃபார்மலின் மீன் பிடிபட்டப்ப வெளி மாநில மீன் மொத்தத்துக்கும் கெட்ட பேரு. பெட்டி எந்தக் கரையில இருந்து வந்துச்சுன்னு பிரிச்சுக் காட்ட வழி இருந்தா உங்க மீன் ஏன் அடி வாங்கணும்?

பாம்பன்_வல்லம்:
அப்ப ஏலக்கூடத்துல வச்சு ஏலம் எடுக்குறவரே ஒட்டட்டும், லாகர் காசும் அவரே கட்டட்டும். எங்ககிட்ட கரை சேர்ந்த நேரத்த மட்டும் கேளுங்க, சொல்றோம். அந்தச் செலவ கமிஷனோட சேத்து எங்க காசுல பிடிப்பேன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.