மாடியில் எடுக்கும் குயில்ட் படங்களில் தையலே தெரியவில்லை, நிறமும் மாறுகிறது

ஊசிமுனை:
கையால் தைத்த காட்டன் குயில்ட் (மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை), 60க்கு 90 அங்குலம். வெள்ளைத் துணியில் நீலமும் அரக்குச் சிவப்பும் ஒட்டுத்துணி, வெள்ளை நூலில் ஓட்டத் தையல். மொட்டை மாடிக் கொடியில் க்ளிப் போட்டு மத்தியானம் எடுத்தால் வெள்ளை வெளுத்துப்போகிறது. நிழலில் எடுத்தால் நீலம் பாய்ந்து வெறும் பெட்ஷீட் மாதிரி இருக்கிறது. மேல் விளிம்பும் வளைந்து வளைந்து தொங்குகிறது. போன் கேமரா, ட்ரைபாட் உண்டு. வீடு சென்னையில். விற்பனைக்குப் போட வேண்டிய படங்கள், யாராவது வழி சொல்லுங்களேன்.

வெயில்நிழல்:
நிறம், தையல் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள். முழுப் படத்தை நிழலில் எடுங்கள், தையல் தெரியும் கிட்டப் படத்தைச் சாய்ந்த வெயிலில் எடுங்கள். தையல் கண்ணுக்குத் தெரிவதே அந்தப் பள்ளத்தில் விழும் நிழலால்தான். நிழலில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் பள்ளம் நிரவிப்போகும்.

வெயில் துணியின் மேல் 20 முதல் 30 டிகிரி சாய்வில், உரசிக்கொண்டு வர வேண்டும். காலை எட்டு மணிக்கு மார்கழியில் தெற்குச் சுவரிலும், ஆனியில் வடக்குச் சுவரிலும் கிட்டத்தட்ட அப்படி வரும். கிழக்குச் சுவரில் நேரே முகத்தில் அடிக்கும், உதவாது. ஒரு பென்சிலைத் துணிக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். நிழல் பென்சிலைப்போல் இரண்டு மடங்கு நீளமிருந்தால் எடுக்கலாம்.

கொடியில் தொங்கும்போது வெயில் பின்னாலிருந்து வந்தால் உள்ளே மடித்த தையல் ஓரங்களும் அடித்துணியின் பூவும் தெரிந்துவிடும். சுவரை ஒட்டித் தொங்கவிடுவதே மேல்.

மரச்சட்டம்:
விளிம்பு வளைவது க்ளிப்பால். இரண்டு க்ளிப்புக்கு நடுவே பஞ்சின் எடை கீழே இழுக்கிறது. பின்பக்கம் மேலே 4 அங்குல அகலத்தில் உறை மாதிரி ஒரு பட்டி, 58 அங்குல நீளம், அடித்துணியை மட்டும் குத்தித் தையுங்கள். ஊசி மேல்துணிக்கு வரக்கூடாது. அதில் 64 அங்குல ரீப்பர் கட்டையைச் செருகி இரண்டு முனையையும் ஆணியில் மாட்டினால் விளிம்பு நேராக நிற்கும். கீழேயும் அதே மாதிரி ஒரு கட்டை கொடுத்தால் காற்றுக்கு ஆடாது.

மடிப்புக் கோடு போக முந்தின இரவே தொங்கவிட்டு லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பாலியெஸ்டர் பஞ்சு என்றால் இஸ்திரிப் பெட்டியை அழுத்தவே வேண்டாம். தட்டையாகிவிட்டால் மறுபடி எழும்பாது.

ஊசிமுனை:
நன்றி. பட்டி இன்றே தைக்கிறேன். தரையில் விரித்து மேலிருந்து எடுத்தால் இந்த வேலையெல்லாம் மிச்சமாகுமே?

வெயில்நிழல்:
ஏணியில் ஏறினாலும் 90 அங்குலத்துக்கு நேர்மேலே கேமரா போகாது. சாய்த்து எடுத்தால் செவ்வகம் ஒரு பக்கம் குறுகிவிடும். தொங்கவிட்டால் போனில் 2 மடங்கு லென்ஸ் போட்டு 13 அடி தள்ளி நிற்கலாம். அகல லென்ஸில் கிட்டே நின்றால் ஓரக் கட்டங்கள் இழுபடும். மேல் விளிம்பு 8 அடி உயரத்தில் இருந்தால் லென்ஸ் நாலே கால் அடியில், குயில்ட்டின் நடுவுக்கு நேராக இருக்கட்டும்.

சாயப்பட்டறை:
நிறத்துக்கு வருகிறேன். நிழலில் விழுவது வானத்தின் வெளிச்சம், அதனால்தான் நீலம். போன் கேமராவில் நாமே அளவு வைக்கும் ப்ரோ மோடில், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண் சமநிலையை 7000 கெல்வின் பக்கம் பூட்டுங்கள், அல்லது சாம்பல் அட்டை ஒன்றைக் குயில்ட்டோடு வைத்து முதல் படம் எடுத்துப் பின்னால் திருத்துங்கள். ஏ4 தாளை வைக்காதீர்கள். அதில் நீலமாக ஒளிரும் சாயம் இருக்கும், அதை நம்பித் திருத்தினால் படம் மஞ்சளடிக்கும். மாடித் தரையில் சிவப்பு ஓடு பதித்திருந்தால் அந்தச் சிவப்பும் கீழ்ப்பாதியில் ஏறும். ஒரு வெள்ளை வேட்டியை முன்னால் விரித்துவிடுங்கள்.

அரக்குச் சிவப்புதான் பெரிய தொல்லை. மற்ற நிறமெல்லாம் சரியாக இருக்கும்போதே சிவப்பு நிரம்பி, ஒரே திட்டாகிவிடும். வெயிலில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 குறையுங்கள், வெள்ளையும் பிழைக்கும். நிழலிலோ வெள்ளை சாம்பலாக வரும், அங்கே 0.7 கூட்டுங்கள். வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்தும் எச்டிஆரை அணைத்துவிடுங்கள், தையல் பள்ளத்து நிழலை அது வெளுக்க வைத்துவிடும்.

சாயத் துணி, படம் எடுத்ததும் உள்ளே கொண்டுபோய்விடுங்கள்.